கல்விக் கொள்கையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு

ஒரு நாட்டின் கல்வி அமைச்சு, தொடக்க வகுப்புகளில் குழந்தைகளுக்கு அவரவர் தாய்மொழியிலேயே எழுத்தறிவு தருவது என்று முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். எத்தனை மொழிகளில் பாடநூல் அச்சிட வேண்டும், அந்த மொழிகளில் பாடம் நடத்தக்கூடிய ஆசிரியர்கள் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இல்லாத இடங்களில் என்ன செய்வது, ஐந்து ஆண்டுகளுக்கு ஆகும் செலவில் அரசு எவ்வளவு ஏற்கும், எவ்வளவு கடனாக வாங்கும், மூன்றாம் ஆண்டின் இறுதியில் குழந்தைகள் உண்மையிலேயே படிக்கக் கற்றுக்கொண்டார்களா என்பதை எவ்வாறு அளப்பது என்ற கேள்விகள் அடுத்த நாளே எழும். அவற்றுக்கு விடை தேடி எழுதுகிறவர்கள் அமைச்சின் திட்டப் பிரிவிலும், நிதி அமைச்சிலும், உலக வங்கியிலும், யுனிசெஃப்பிலும், ஆய்வு நிறுவனங்களிலும் பரவியிருக்கிறார்கள். அந்த வேலையைத்தான் பன்னாட்டுக் கல்விக் கொள்கை, கல்வியும் பொருளாதார மேம்பாடும் என்ற பெயர்களில் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன.

பொருளியலோ புள்ளியியலோ பொறியியலோ படித்துவிட்டு இத்துறையை நாடும் இளைஞர்களுக்காகவும், சில ஆண்டுகள் வகுப்பறையில் பணியாற்றிவிட்டுக் கொள்கைப் பக்கம் நகர விரும்பும் ஆசிரியர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்பது. அதைச் சிறிது காலம் ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை அவற்றின் வகுப்பறை, அவற்றின் தரவு, அவற்றுக்கு வரும் பணம் ஆகிய மூன்றின் வழியாகவும் நன்கு அறிந்தவர் எந்த நாட்டுக்குச் சென்றாலும் பயன்படுவார். மூன்றில் ஒன்றை அறிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மூன்றையும் ஒருசேர அறிந்தவர்கள் மிகச் சிலரே. கீழே சொல்லப்படும் வழி அந்தச் சிலரில் ஒருவராவதற்கான வழி.

துறை இன்று எங்கே நிற்கிறது

1990இல் தாய்லாந்தின் ஜோம்தியென் நகரில் கூடிய உலக மாநாடு ‘அனைவருக்கும் கல்வி’ என்ற இலக்கை நாடுகளின் முன் வைத்தது. 2000இல் செனகலின் தக்கார் நகரிலும், 2015இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரிலும் நடந்த மாநாடுகள் அதைத் தொடர்ந்தன. 2015ஆம் ஆண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, கல்விக்கானது. தொடக்கத்தில் பேச்செல்லாம் சேர்க்கையைப் பற்றியே இருந்தது: எத்தனை பள்ளிகள் கட்டினோம், எத்தனை குழந்தைகள் பெயர் பதிந்தார்கள், பெண் குழந்தைகளின் விகிதம் எவ்வளவு. குழந்தைகள் பள்ளிக்கு வந்தபின் கற்கிறார்களா என்ற கேள்வி பிறகுதான் வலுப்பெற்றது. இந்தியாவில் 2005 முதல் பிரதம் அமைப்பு நடத்திவரும் ஏசர் ஆய்வு, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் கிராமப்புறக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியவில்லை என்பதை மீண்டும் மீண்டும் காட்டியது. 2019இல் உலக வங்கி ‘கற்றல் வறுமை’ என்ற அளவீட்டை அறிமுகப்படுத்தியபோது, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பத்து வயதுக் குழந்தைகளில் 53 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இயலவில்லை என்று கணக்கிட்டது. பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல்களுக்குப் பின், 2022இல், அந்த மதிப்பீடு 70 விழுக்காடாக உயர்ந்தது.

ஆகவே இன்று இத்துறைக்குள் வருபவர் கற்றலை அளக்கும் கருவிகளைப் பற்றித் தெளிவான அறிவோடு வர வேண்டும். ஏசர் ஆய்வு வீடுகளுக்குச் சென்று குழந்தையை ஒருவராக அமர்த்திப் படிக்கச் சொல்கிறது. பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வு பதினைந்து வயது மாணவர்களைப் பள்ளியில் எழுத வைக்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. பீசாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலின் அடியில் நின்றன என்பதும், அதன்பின் இந்தியா அத்தேர்விலிருந்து விலகியது என்பதும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. தேர்வு முடிவு ஓர் அரசின் முடிவுகளை எவ்வாறு அசைக்கிறது அல்லது அஞ்ச வைக்கிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அருகில் இல்லை.

இத்துறையின் வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். திட்டமிடலும் நிதியும் ஒரு வகை. உலக வங்கி, மணிலாவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கி, கல்விக்கான உலகளாவிய கூட்டாண்மை, பாரிஸில் 1963 முதல் இயங்கும் யுனெஸ்கோவின் பன்னாட்டுக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் ஆகியவை இதில் அடங்கும். ஆய்வும் மதிப்பீடும் இரண்டாவது. ஜே-பால், ஐடிஇன்சைட் போன்ற அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்கின்றன. களத்தில் திட்டத்தை நடத்துவது மூன்றாவது. யுனிசெஃப், சேவ் த சில்ரன், ரூம் டு ரீட், பிரதம் ஆகியவற்றில் இவ்வகைப் பணிகள் மிகுதி. எந்த வகையில் சேர்ந்தாலும் மற்ற இரண்டின் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

நிதித்துறை கேட்கும் கேள்விகள்

கல்வியைப் பற்றிப் பேசுபவர்களுக்கு நிதித்துறை அதிகாரிகள் மீது ஒரு மனத்தாங்கல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கு வேண்டிய பணம் அவர்களுடைய மேசையிலிருந்துதான் வருகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. சாலைக்கும் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் கேட்கப்படும் அதே பணத்தை ஏன் கல்விக்குத் தர வேண்டும் என்பதற்கு நாம் விடை வைத்திருக்க வேண்டும். உலக வங்கி கல்விக்காகத் தன் முதல் நிதியை 1962இல் துனீசியாவுக்கு அளித்தது. அதற்குச் சற்று முன்பின்னாகத்தான் தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர், ஜேக்கப் மின்சர் ஆகிய பொருளியலாளர்கள் கல்விக்கான செலவை நுகர்வாகக் கருதாமல் முதலீடாகக் கருத வேண்டும் என்ற மனித மூலதனக் கோட்பாட்டை வளர்த்தெடுத்தனர். இக்கோட்பாட்டைக் கற்காமல் எந்த வளர்ச்சி வங்கியின் ஆவணத்தையும் புரிந்துகொள்ள முடியாது. அதன் குறைகளையும் சேர்த்தே கற்க வேண்டும். ஊதிய உயர்வால் அளக்க முடியாத நன்மைகள் கல்விக்கு உண்டு என்பதை மறந்த கொள்கை வறண்டுபோகும்.

பொருளியல் என்றவுடன் கடினமான கணக்குகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. முதலில் கற்க வேண்டியது, ஒன்று நடந்ததால்தான் மற்றொன்று நடந்ததா என்று சோதிக்கும் முறையை. இந்தோனேசிய அரசு 1973க்கும் 1978க்கும் இடையில் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அதன் பயனை அறிய, பள்ளி கட்டிய மாவட்டத்தில் படிப்பு உயர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. பள்ளி கட்டாவிட்டாலும் அது உயர்ந்திருக்கலாம். பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ தம் 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில், பள்ளிகள் வந்தபோது சிறுவராக இருந்தவர்களையும், அப்போதே பள்ளி வயதைக் கடந்துவிட்டவர்களையும், அதிகப் பள்ளிகள் கிடைத்த மாவட்டங்களுக்கும் குறைவாகக் கிடைத்த மாவட்டங்களுக்கும் இடையில் ஒப்பிட்டார். ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி என்ற அளவில் கட்டியது, சராசரிப் படிப்பை 0.12 முதல் 0.19 ஆண்டு வரையும், ஊதியத்தை 1.5 முதல் 2.7 விழுக்காடு வரையும் உயர்த்தியது என்று கண்டார். இந்த ஒரு கட்டுரையை ஒப்பீட்டின் தருக்கம் மனத்தில் பதியும்வரை படிப்பது, பத்து அறிமுக நூல்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட மேலானது.

அதே நாட்டிலிருந்து மற்றொரு சான்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இந்தோனேசியா இரட்டிப்பாக்கியது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட நால்வர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, இரண்டாவது வேலை பார்ப்பது குறைந்தது, ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் மாணவர்களின் கற்றலில் முன்னேற்றம் ஏதும் ஏற்படவில்லை. ஆசிரியருக்கு நல்ல ஊதியம் தரக் கூடாது என்று இதற்குப் பொருளா? நிச்சயமாக இல்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு நிபந்தனையின்றி உயர்த்திய ஊதியம், அந்தக் கால அளவுக்குள், கற்றலை உயர்த்தவில்லை என்பதே அதன் முடிவு. நல்ல ஊதியம் நீண்ட காலத்தில் திறமையானவர்களை இத்தொழிலுக்கு ஈர்க்குமா என்பது வேறு கேள்வி. ஓர் ஆய்வு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இவ்வாறு பிரித்தெழுதத் தெரிந்தவரை எந்த அமைச்சும் மதிக்கும்.

நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. பள்ளிகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தபின், 2021இன் இறுதியில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குழந்தைகளுக்குக் கற்பித்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு, இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்குக்கு இத்திட்டம் காரணம் என்றும் மதிப்பிட்டது. இதோடு செலவுக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். தன்னார்வலருக்கு மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். ஒருவரிடம் 20 குழந்தைகள் என்று கொண்டால், குழந்தை ஒன்றுக்கு மாதம் 50 ரூபாய். பயிற்சி, கற்றல் பொருள்கள், கண்காணிப்பு ஆகியவற்றுக்கான செலவை அதில் சேர்க்க வேண்டும்; எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதை அடிக்குறிப்பில் எழுத வேண்டும். பயனையும் செலவையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசும் இந்தப் பழக்கம்தான் இத்தொழிலின் உயிர்.

முதல் மூன்று ஆண்டுகள்: ஒரு மாவட்டம், ஒரு கேள்வி

பட்டம் முடித்த கையோடு வெளிநாட்டுக்குப் போகும் ஆசையை அடக்கிக்கொண்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் உள்ளூரில் வேலை செய்யுங்கள். அதற்கான வாயில்கள் பல. ஜே-பால் தெற்காசியா போன்ற ஆய்வு அமைப்புகள், களக் கணக்கெடுப்பை நடத்தவும் தரவைச் சரிபார்க்கவும் இளம் ஆய்வு உதவியாளர்களை எடுத்துக்கொள்கின்றன. சென்னை உள்ளிட்ட நகரங்களில் டீச் ஃபார் இந்தியா இரண்டாண்டு வகுப்பறைப் பணியை அளிக்கிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களை அரசுத் துறைகளுக்குள் கொண்டுசெல்கிறது. கோப்பு எவ்வாறு நகர்கிறது என்பதை வெளியில் இருந்து எவரும் கற்க முடியாது என்பதால் இதை மிக உயர்வாகக் கருதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருப்பவர் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகச் சேரும் வாய்ப்பு வந்தால் அதைத் தண்டனையாக எண்ணிவிட வேண்டாம்; நூற்றுக்கணக்கான வகுப்பறைகளைப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தப் பதவியிலும் கிடைக்காது. இலங்கையில் உள்ளவர்களுக்கு வலயக் கல்விப் பணிமனையும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் அத்தகைய இடங்கள்.

எங்கே இருந்தாலும் ஒரு கேள்வியைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்ட சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளை என்ன செய்வது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இது உண்மையான சிக்கல். பிறப்பு விகிதம் சரிந்த கொரியாவிலும் ஜப்பானிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இதே கேள்வி கேட்கப்படுகிறது என்பதால், உங்கள் உள்ளூர் உழைப்பு பிற நாடுகளில் உள்ளவர்களுக்கும் உடனே புரியும்.

வேலையை இப்படித் தொடங்கலாம். இந்திய அரசின் யூடைஸ் பிளஸ் தரவுத்தளத்தில் பள்ளிவாரியாகச் சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டமைப்பு ஆகிய விவரங்கள் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் முப்பதுக்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பிரித்தெடுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். அப்படியானால் ஐந்து வகுப்புகளை இருவர் நடத்துகிறார்கள். அந்தப் பள்ளிகளில் சிலவற்றுக்கு நேரில் சென்று தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள். இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் எப்படி நடத்துகிறார்கள் என்று நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏறியிருக்கும் எண்ணுக்கும் அன்று வகுப்பில் இருக்கும் குழந்தைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது பள்ளிக் கல்வித் துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களையும் எடுத்து, ஒரு பள்ளியை நடத்த ஆண்டுக்கு என்ன ஆகிறது, அதில் சம்பளம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.

இப்போது மாற்று வழிகளை அடுக்கலாம். பள்ளிகளை இணைத்தால் சம்பளச் செலவு குறையும். ஆனால் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற நெறி மீறப்படும், வாகனச் செலவு கூடும், முதலில் நின்றுபோகும் குழந்தைகள் யார் என்பதையும் எண்ண வேண்டும். பள்ளியை அப்படியே வைத்துப் பல்வகுப்புக் கற்பித்தலை வலுப்படுத்துவது இன்னொரு வழி. 2007 முதல் மாநிலம் முழுவதும் நடந்த செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இதற்கான அனுபவத்தைத் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் செலவு, பயன், யார் இழப்பார்கள், யார் எதிர்ப்பார்கள் என்பதை எழுதி, இறுதியில் எதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று துணிந்து சொல்லுங்கள். அனைத்தையும் இரண்டு பக்கத்திற்குள் அடக்குங்கள். ஓர் இணை இயக்குநருக்கு அதைவிட நீண்டதைப் படிக்க நேரம் இருக்காது. இந்த இரண்டு பக்கம் உங்களிடம் இருந்தால், முதுகலைக்கான நோக்க உரையும் வேலைக்கான எழுத்து மாதிரியும் பாதி முடிந்தன என்று கொள்ளலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஸ்டாட்டா, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்றில் நல்ல தேர்ச்சி போதும். தரவுக்கும் பஞ்சமில்லை. யுனெஸ்கோவின் மான்ட்ரியல் புள்ளியியல் நிறுவனம், உலக வங்கியின் நுண்தரவு நூலகம், ஆந்திரம், தெலங்கானா, எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் ஆகிய இடங்களின் குழந்தைகளைப் பல ஆண்டுகளாகத் தொடரும் யங் லைவ்ஸ் ஆய்வு ஆகியவற்றின் தரவுகளை எவரும் பதிவுசெய்து பெறலாம். எம்.ஐ.டி.யும் ஜே-பாலும் சேர்ந்து இணையவழியில் நடத்தும் தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்புக்கான மைக்ரோமாஸ்டர்ஸ் படிப்பு, பொருளியல் அடித்தளம் இல்லாதவர்களுக்கு மிகப் பொருத்தமானது.

மற்றொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். உலக வங்கி தான் நிதி தரும் ஒவ்வொரு திட்டத்திற்கும் தொடக்கத்தில் ஒரு மதிப்பீட்டு ஆவணத்தையும், முடிவில் ஒரு நிறைவு அறிக்கையையும் வெளியிடுகிறது. ஒரே திட்டத்தின் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், என்ன எதிர்பார்த்தார்கள், எது நடந்தது, எங்கே சறுக்கியது என்பது தெரியும். 1990களில் தமிழ்நாடும் இடம்பெற்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் இருந்து தொடங்கலாம். இந்த ஆவணங்களைப் படிப்பவர்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

மேற்படிப்பும் அதற்கான பணமும்

இத்துறையில் முதுகலைப் பட்டம் இல்லாமல் பன்னாட்டுப் பதவி கிடைப்பது அரிது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கல்விப் புலம், சசெக்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட், கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ், ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், பென்சில்வேனியா ஆகியவற்றில் இதற்கான படிப்புகள் உள்ளன. பார்சலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் குளோபெட் என்ற படிப்பில் (இது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தைச் சேர்ந்தது) மாணவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஐரோப்பிய நாடுகளில் படிக்கிறார்கள். இந்தியாவிலேயே படிக்க விரும்பினால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், 1962இல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கிப் புது டெல்லியில் வளர்ந்த தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் ஆகியவை உள்ளன. கணிதப் பயிற்சி உடையவர்கள் சென்னைப் பொருளியல் பள்ளியில் பொருளியலே படித்துவிட்டுக் கல்விப் பக்கம் திரும்புவதும் நல்ல வழி. வளர்ச்சி வங்கிகள் பொருளியல் பட்டத்தை விரும்புகின்றன என்பது வெளிப்படை.

கடன் வாங்கி இப்படிப்புக்குச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள் துறையில் கிடைப்பது போன்ற தொடக்க ஊதியம் இங்கே இல்லை. நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாய் கடனைச் சுமந்துகொண்டு ஓராண்டு ஒப்பந்த வேலைகளில் இருப்பது மிகவும் துன்பமானது. உதவித்தொகைகளோ பல உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை பணியனுபவம் கேட்கின்றன. பிரிட்டனில் படிப்பதற்கான செவனிங்குக்கு ஈராண்டு, அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்றாண்டு, ஜப்பான்-உலக வங்கிக் கூட்டு உதவித்தொகைக்கு மூன்றாண்டு. உள்ளூர் வேலையை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். காமன்வெல்த் உதவித்தொகை, எராஸ்மஸ் முண்டஸ், ஆசிய வளர்ச்சி வங்கியின் ஜப்பான் உதவித்தொகை ஆகியவற்றையும் பாருங்கள். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்றிய அரசின் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகைகளும் தமிழ்நாடு அரசின் திட்டமும் உண்டு. தகுதியுள்ளவர்கள் பலர் அறியாமையால் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்து குறைந்தது ஈராண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். இத்தகைய நிபந்தனைகளை விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளளவியலையும் (புள்ளியியலைக் கொண்டு பொருளியல் கேள்விகளைச் சோதிக்கும் பாடம்) கல்வி நிதியையும் விட்டுவிடாதீர்கள். கோட்பாட்டுப் பாடங்களைப் பின்னாளில் நீங்களாகவே படித்துக்கொள்ளலாம், இவற்றை வகுப்பறைக்கு வெளியே கற்பது கடினம். வாய்ப்பிருந்தால் பிரெஞ்சு மொழியைச் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் கல்வி அமைச்சுகள் பிரெஞ்சில் இயங்குகின்றன, அந்த மொழி தெரிந்த தெற்காசியர்கள் அரியவர்கள்.

விண்ணப்பமும் பதவிகளும்

ஐ.நா. அமைப்புகளில் பன்னாட்டு அலுவலர், தேசிய அலுவலர், பொதுப்பணியாளர் என்று பிரிவுகள் உண்டு. புதியவர்கள் எல்லோரும் முதல் பிரிவையே நோக்குகிறார்கள். அப்பிரிவின் படிநிலைகளில் பி-2 நிலைக்கு முதுகலையும் ஈராண்டு அனுபவமும், பி-3க்கு ஐந்தாண்டு அனுபவமும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன, போட்டியோ உலகளாவியது. தேசிய அலுவலர் பதவிகளுக்கு அந்தந்த நாட்டவர் மட்டுமே போட்டியிட முடியும். உள்ளூர் மொழியும் அரசுத் துறைகளோடு பழகிய அனுபவமும் அங்கே பெரிதும் மதிக்கப்படுகின்றன. யுனிசெஃப்பின் சென்னை அலுவலகம் போன்ற இடங்களில் தொடங்கிப் பின்னர் பன்னாட்டுப் பதவிக்கு மாறியவர்கள் உண்டு. இவ்வழியை இளைஞர்கள் போதிய அளவு கருதுவதில்லை என்பது என் எண்ணம். இளம் தொழில்வல்லுநர் திட்டங்களுக்கு வயது வரம்பு உண்டு, ஐ.நா. செயலகத்தின் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் உள்ள நாடுகளின் குடிமக்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்பதால் உங்கள் நாடு அவ்வாண்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பானில் தலைமையகம் கொண்ட ஐ.நா. தொண்டர் திட்டமும் நல்ல நுழைவாயில்.

உலக வங்கியிலும் ஆசிய வளர்ச்சி வங்கியிலும் பலர் குறுகிய கால ஆலோசகராகவே உள்ளே வருகிறார்கள். அந்த வேலைகள் பெரும்பாலும் விளம்பரத்தைவிட அறிமுகத்தால் கிடைக்கின்றன. அறிமுகம் என்பதைப் பரிந்துரைக் கடிதம் என்று எண்ண வேண்டாம்; ஒரு திட்டக் குழுவின் தலைவருக்கு, அவர் வெளியிட்ட அறிக்கையை முழுமையாகப் படித்து, அதன் ஓர் அட்டவணையைப் பற்றிப் பயனுள்ள கேள்வியோடு ஐந்து வரியில் எழுதும் கடிதமே சிறந்த அறிமுகம். விண்ணப்பப் படிவத்தில் பொறுப்புகளை அடுக்காமல், என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று எழுதுங்கள். ஐ.நா. நேர்காணல்கள் திறனடிப்படையிலானவை: ஒரு சூழ்நிலையைச் சொல்லி, அதில் நீங்கள் எடுத்த முடிவையும் அதன் விளைவையும் கேட்பார்கள். ‘நாங்கள்’ என்று பணிவோடு பேசுவது நம் வழக்கம். அங்கே உங்கள் பங்கை ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் மதிப்பெண் உங்களுக்குத்தான் போடப்படுகிறது.

2025ஆம் ஆண்டு இத்துறையை வெகுவாக உலுக்கியது. அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் ஜூலை 1 அன்று வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்தியது; பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பல நாடுகளின் எழுத்தறிவுத் திட்டங்கள் இடையில் நின்றன, அனுபவமிக்கவர்கள் பலர் வேலையிழந்தார்கள். புதிதாக வருபவர்கள் இதை மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். ஆனால் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் கல்விக்கான செலவின் மிகப் பெரும்பகுதியை எப்போதுமே அந்தந்த அரசுகளும் குடும்பங்களுமே ஏற்று வந்திருக்கின்றன. இஞ்சியோன் அறிக்கை, நாட்டு வருமானத்தில் 4 முதல் 6 விழுக்காடு, அரசுச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்கு ஒதுக்கச் சொல்லியதும் அந்த அரசுகளைப் பார்த்துத்தான். ஆகவே வெளிநாட்டு உதவியால் நடக்கும் சிறு திட்டங்களை மட்டும் நடத்தத் தெரிந்தவரைவிட, அரசின் சொந்தப் பணத்தை எவ்வாறு திறம்படச் செலவிடுவது என்று சொல்லத் தெரிந்தவருக்கே இனி இடம் அதிகம்.

இத்துறையில் நமக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1910இல் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். ஊர் திரும்பி 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். வெளிநாட்டுப் பதவியை முடிவாகக் கருதாதவர்களுக்கு மாநிலத் திட்டக் குழு, பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள் என்று அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

முதல் வேலை பெரும்பாலும் ஆலோசகர் ஒப்பந்தமாகவே வரும். நாள் கூலி பெரிதாகத் தோன்றும். ஆனால் ஆலோசகருக்கு ஓய்வூதியமும் விடுப்பும் பெரும்பாலும் கிடையாது, மருத்துவக் காப்பீட்டை அவரே எடுக்க வேண்டும், ஐ.நா. நிரந்தர அலுவலர்களுக்குள்ள வரி விலக்கு அவருக்குப் பொருந்தாது. உலக வங்கியின் குறுகிய கால ஆலோசகர் ஒரு நிதியாண்டில் 150 நாள்களுக்கு மேல் பணியாற்ற முடியாது என்பதால், நாள் கூலியை 150ஆல் பெருக்கி, வரியையும் காப்பீட்டையும் கழித்து, அதைப் பன்னிரண்டு மாதத்திற்கு வகுத்துப் பாருங்கள். உண்மையான ஊதியம் அதுதான். களப் பணிக்கான பயணச் செலவை யார் ஏற்பது, நீங்கள் எழுதும் அறிக்கையில் உங்கள் பெயர் இடம்பெறுமா, திரட்டிய தரவைப் பின்னர் உங்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, திட்டம் இடையில் நின்றால் முடித்த வேலைக்குப் பணம் எப்போது வரும் ஆகிய நான்கையும் கையெழுத்திடும் முன்பே எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.